முறுக்கினால் அமுங்கும் டூ ஸ்ட்ரோக்: இன்ஜெக்ஷன் மாற்றிய இன்ஜினில் கோளாறு தேடும் முறை

யமஹா ஆர்.எக்ஸ். 135 பைக் இன்ஜினின் கீழ்ப்பகுதியை எடுத்து, போர்ட்டுகளைத் திருத்தி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் கட்டி, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு பிஎஸ்6 பைக்கின் த்ராட்டில் பாடியையும் இன்ஜெக்டரையும் மாட்டியிருக்கிறீர்கள். கட்டுப்படுத்துவது ஸ்பீடுயினோ என்ற இ.சி.யூ., அதாவது இன்ஜினின் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கவனிக்கும் கணினிப் போர்டு. ஸ்பேருக்கு ஜே.சி. ரோடு, போர்டுக்கும் கனெக்டருக்கும் எஸ்.பி. ரோடு, மில்லிங்குக்கு பீன்யா என்று பெங்களூரை விட்டு வெளியே போகாமலே எல்லாம் சேர்ந்துவிட்டது. இப்போது வண்டி ஒழுங்காக ஓட மாட்டேன் என்கிறது. கிட்டத்தட்ட இதே அமைப்பை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக, அறிகுறிவாரியாக எழுதுகிறேன். இப்படி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. மண் டிராக்கும் சொந்த நிலமும்தான் இதற்கு இடம்.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்: கரண்ட், பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, ஸ்பார்க் டைமிங், எல்லாவற்றுக்கும் கடைசியாக மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று இ.சி.யூ.வுக்கு எழுதிக்கொடுக்கும் அட்டவணை. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கில் இன்டேக் அழுத்தம் நம்பும்படி இருக்காது. அதனால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்.பி.எம். எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்து, நீங்கள் எழுதிக்கொடுத்த அட்டவணையைப் பார்த்து இ.சி.யூ. பெட்ரோல் அடிக்கிறது. ஆயில் சீல் கசிவதோ, பம்ப் அழுத்தம் இறங்கியதோ, பேட்டரி தொய்ந்ததோ அதற்குத் தெரியாது. கசிவை மேப்பால் மூடி மறைத்தால் வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் கசிவு பெரிதாகி பிஸ்டனைக் கொண்டுபோய்விடும். ஸ்ரீராமபுரத்தில் எனக்கு கிராங்க் பிரஸ் போட்டுத் தரும் அண்ணன், நான் லேப்டாப்போடு போய் நின்றால் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, அதை மூடிட்டு முதல்ல காத்து அடிச்சுப் பாரு."

எத்தனை கிக் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு விநாடி உறுமுகிறதா என்று கேளுங்கள். உறுமாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த். உறுமினால், கிக் அடிக்கும்போது லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ மென்பொருள் திரையில் ஆர்.பி.எம். காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் இ.சி.யூ.வுக்கு கிராங்க் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது.

இங்கே டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கிக்கரால் சுற்றும் ஒற்றை சிலிண்டர் கிராங்க் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. கம்ப்ரெஷனில் ஏறும்போது கிட்டத்தட்ட நின்றே போகும். கிராங்கோடு சுற்றும் பல் சக்கரத்தைச் சென்சார் பார்க்கிறது; அதில் பல் இல்லாத இடைவெளியை இ.சி.யூ. நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. மேல் முனைக்குப் பக்கத்தில் கிராங்க் தயங்கினால் அதையே காணாமல்போன பல் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே பல் இல்லாத இடம் சென்சார் முன்னால் வரும் நேரமும் பிஸ்டன் மேல் முனைக்கு வரும் நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது கடந்து போகும்படி வையுங்கள். சின்ன மேக்னெட் வீலில் 36 பல் வெட்டுவதைவிட 12 பல் வெட்டி ஒன்றை எடுத்துவிடுவது நல்லது. பல் அகலமாக இருந்தால் சிக்னல் தெளிவாக வரும். வி.ஆர். சென்சாராக (காந்தமும் காயிலும் கொண்டது) இருந்தால் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். துருவம் மாறியிருந்தால் கிக்கில் பிடிக்காது. பிடித்தாலும் வேகம் ஏற ஏற டைமிங் நகரும். கிக் ஸ்டார்ட் வண்டிக்கு ஹால் சென்சார் போடுவதையே நான் விரும்புவேன். மெதுவாகச் சுற்றினாலும் முழு சிக்னல் தரும்.

கிக்கர் திருப்பி அடித்தால் உடனே நிறுத்துங்கள். கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். டயல் கேஜ் வைத்து மேல் முனையைக் குறித்துக்கொண்டு, ஸ்பார்க்கை ஒரே கோணத்தில் பூட்டி, டைமிங் லைட் அடித்து, திரையில் உள்ள எண்ணும் வீலில் உள்ள குறியும் ஒன்றாகும்வரை ட்ரிகர் கோணத்தைத் திருத்துங்கள். இதைச் செய்யாமல் எழுதிய இக்னிஷன் மேப் வெறும் எண்கள்தான்.

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், பெட்ரோல் கிராங்க் கேஸில் (கிராங்க் சுற்றும் கீழ் அறையில்) தேங்கிவிட்டது என்று பொருள். கிக் அடிக்க அடிக்க இன்னும் தேங்கும். பம்ப் கனெக்டரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து கிக் அடியுங்கள். ஸ்பார்க் எங்கும் தெறிக்காமல் பிளக்கைத் தள்ளி எர்த்தில் வையுங்கள். ஸ்பீடுயினோவில் வெள்ளம் வடிக்கும் வசதியும் உண்டு: த்ராட்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் திறந்திருந்தால் கிராங்கிங்கில் பெட்ரோலை நிறுத்திவிடும். அதை முதல் நாளே அமைத்துவையுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை

மல்டிமீட்டரைப் பேட்டரியில் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்லோ ஸ்பீடில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா? அப்படியென்றால் மேப்பில் கைவைக்கவே வேண்டாம். 3 பார் பம்ப் ஒன்று 3, 4 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மேல் இ.சி.யூ., காயில், இன்ஜெக்டர். பழைய மேக்னெட் காயில் ஹெட்லைட்டுக்காகச் சுற்றப்பட்டது, குறைந்த வேகத்தில் இவ்வளவு தராது. காயிலின் எர்த்தைத் துண்டித்து, இரண்டு முனையையும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையருக்குக் கொண்டுபோக வேண்டும். தேவைப்பட்டால் கெட்டிக் கம்பியில் காயிலைத் திரும்பச் சுற்ற வேண்டும்.

வோல்ட் குறைந்தால் ஏன் இவ்வளவு தொல்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இன்ஜெக்டருக்கு மின்சாரம் போனதும் அது உடனே திறந்துவிடாது. 13 வோல்ட்டில் சுமார் 1 மில்லி செகண்ட் வீணாகும், 10 வோல்ட்டில் இன்னும் கூடும். 132 சி.சி. இன்ஜினுக்கு ஸ்லோ ஸ்பீடில் ஒரு சுற்றுக்குத் தேவைப்படும் பெட்ரோல் சுமார் 2 மில்லிகிராம். நிமிடத்துக்கு 180 சி.சி. விடும் இன்ஜெக்டர் அதை ஊற்றுவதற்கு வேண்டிய நேரமே 1 மில்லி செகண்ட்தான். ஆக மொத்தப் பல்ஸில் பாதி, திறப்பதற்கே போகிறது. அந்தப் பாதி வோல்ட்டுக்கு ஏற்ப ஆடினால் ஸ்லோ ஸ்பீடு எப்படி நிற்கும்? உங்கள் இன்ஜெக்டருக்குரிய வோல்ட் திருத்த அட்டவணையைச் சரியாக நிரப்புங்கள். பெரிய பைக்கின் இன்ஜெக்டரைப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இரண்டு மடங்கு.

விட்ட பிறகும் ஆர்.பி.எம். இறங்க மறுக்கிறது

இந்த அறிகுறிக்கு நான் மற்றவற்றைவிட அதிகம் பயப்படுவேன். த்ராட்டிலை விட்டுவிட்டீர்கள், இன்ஜின் உடனே இறங்காமல் 3,000-இல் தொங்குகிறது, சில நேரம் தானாகவே ஏறுகிறது. கேபிள் சிக்கவில்லை என்று உறுதியானால் எங்கோ காற்று உள்ளே போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் பம்ப் வேலை செய்வதால், கசிவு கிராங்க் சீலில் இருந்தாலும் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்துவிடும்.

சோதிக்கக் கம்ப்ரெஷர் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பம்பும் மீட்டரும் போதும். அந்த மீட்டர் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். அது கிட்டத்தட்ட 0.4 பார், அதாவது 6 பி.எஸ்.ஐ.க்கு ஒரு மயிரிழை குறைவு. டூ ஸ்ட்ரோக் கசிவுச் சோதனைக்கு வழக்கமாக வைக்கும் அழுத்தமும் இதுதான். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரை வைத்து 5 மி.மீ. அலுமினியத் தகடால் இறுக்குங்கள். இன்டேக் பக்கம் த்ராட்டில் பாடியை எடுத்துவிட்டு ரப்பர் அடைப்பு, அதில் உள்ளிருக்கும் ஒருவழி அடைப்பை எடுத்துவிட்ட ஒரு சைக்கிள் வால்வ். ரீட் வால்வ் (காற்றை உள்ளே மட்டும் விடும் தகடு) உள்ளேயே இருக்கட்டும், மேனிஃபோல்டும் சேர்ந்து சோதனைக்கு வரவேண்டும். பிளக் மாட்டியிருக்கட்டும். பிஸ்டனைக் கீழ் முனையில் நிறுத்துங்கள். 300 வரை ஏற்றிவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு. சோப்பு நுரையைத் தூரிகையால் தடவிக்கொண்டே வாருங்கள்: பேஸ் பேக்கிங், ஹெட், ரீட் பிளாக், மேனிஃபோல்டு, மேக்னெட் பக்கச் சீல். மேனிஃபோல்டில் இன்ஜெக்டருக்கென்று நீங்கள் தனியாக வெல்டு அடித்திருந்தால் முதலில் அங்கே தடவுங்கள். அலுமினிய வெல்டில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் சாதாரணம். நுரை கொப்பளித்துக்கொண்டு வரும்.

நுரை எங்கும் வரவில்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால் கிளட்ச் பக்கச் சீலைச் சந்தேகப்படுங்கள். கியர் ஆயில் ஊற்றும் துளையில் காது வைத்தால் சீறல் கேட்கும். அந்தச் சீல் போனால் லீன் ஆவதோடு கியர் ஆயிலையும் உறிஞ்சும். புகை கூடும், ஆயில் அளவு குறையும். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் அதிகமாகிவிட்டது என்று நினைத்துப் பலர் அதைக் குறைத்துவிடுகிறார்கள், அதோடு பிஸ்டன் போய்விடுகிறது. அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகு, ரீட் வால்வைக் கழற்றிவிட்டு உறிஞ்சியும் பாருங்கள். சில சீல்கள் வெளியே விடாது, உள்ளே மட்டும் விடும்.

முறுக்கினால் அமுங்கிவிடுகிறது

முதலில் மெதுவாகத் திறந்து பாருங்கள். மெதுவாகத் திறந்தாலும் அதே இடத்தில் அமுங்கினால் அட்டவணையின் அந்தக் கட்டம் தவறு. சட்டென்று முறுக்கும்போது மட்டும் அமுங்கினால் த்ராட்டில் திறப்புக்கான கூடுதல் பெட்ரோல் அளவு தவறு. அதிலும் லீனா ரிச்சா (பெட்ரோல் அதிகமா) என்பதைச் சத்தமே சொல்லும். லீன் என்றால் இன்ஜின் ஒரு கணம் வெறுமையாக மூச்சிழுத்து அணைகிற மாதிரி இருக்கும், சில நேரம் இன்டேக்கில் இருமும். ரிச் என்றால் தொண்டையில் நீர் தேங்கியதுபோல் கொரகொரக்கும், பின்னால் புகை தெரியும். கூடுதல் பெட்ரோலை 20 சதவீதம் ஏற்றுங்கள். சரியானால் லீன், மோசமானால் ரிச். ரீட்டுக்கு முன்னால் இன்ஜெக்டர் வைத்தால் பெட்ரோல் கிராங்க் கேஸைச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகும். அதனால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் எண்களைவிட இங்கே அதிகம் தேவைப்படும்.

எல்லாமே சரி, 6,000-க்கு மேல் பைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு குழி விழுகிறதா? எக்ஸ்பான்ஷன் சேம்பர் வேலை செய்யத் தொடங்கும் இடத்தில் இன்ஜின் இழுக்கும் காற்று சில நூறு ஆர்.பி.எம்.முக்குள் எகிறிவிடும். ஸ்பீடுயினோவில் 16-க்கு 16 கட்டங்கள்தான். அவற்றைச் சம இடைவெளியில் பரப்பினால் அந்த எகிறல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே தொலைந்துபோகும். பைப் பிடிக்கும் பகுதியில் 250 ஆர்.பி.எம்.முக்கு ஒரு கட்டம் வையுங்கள், 3,000-க்குக் கீழே மூன்று நான்கு கட்டம் போதும். த்ராட்டில் அச்சிலும் அப்படித்தான்: பட்டர்ஃபிளை முதல் 25 சதவீதத்திலேயே பெரும்பகுதிக் காற்றைத் திறந்துவிடும், அங்கே நெருக்கமாக வையுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வெட்டி வெட்டி ஓடுகிறது

சிங்க் இழப்பு (கிராங்க் இருக்கும் இடத்தை இ.சி.யூ. தவறவிடுவது) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பதிவில் பாருங்கள். ஏறினால் மின் இரைச்சல். ரெசிஸ்டர் பிளக், அதாவது பெயரில் ஆர் எழுத்து உள்ளது, பி.ஆர்.8.இ.எஸ். போன்றது, கட்டாயம். பிளக் கேப்பும் ரெசிஸ்டர் கேப்பாக இருக்கட்டும். கிராங்க் சென்சார் வயருக்கு ஷீல்டு போட்டு, அந்த ஷீல்டை இ.சி.யூ. பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். காயில் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

சிங்க் இழக்கவில்லை, உச்சத்தில்தான் திணறுகிறது என்றால் இன்ஜெக்டருக்கு நேரம் போதவில்லையா என்று கணக்கிடுங்கள். 8,500 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்று 7 மில்லி செகண்ட்தான். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்தாக வேண்டும். பல்ஸ் 6-ஐத் தாண்டினால் இன்ஜெக்டர் சரியாக மூடித் திறக்க நேரமில்லை. ஓடும்போதே அழுத்த மீட்டரையும் பாருங்கள். 3 பார் 2.5-க்கு இறங்கினால் பெட்ரோல் 9 சதவீதம் குறையும், அதுவும் முழுத் த்ராட்டிலில். குதித்து இறங்கும்போது மட்டும் ஒரு நொடி வெட்டினால் டேங்கில் பெட்ரோல் அலைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. நடுவில் சின்ன சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் வைத்திருக்கும் குட்டி டேங்க்) வைத்தால் தீரும்.

லாம்டா மீட்டர் லீன் என்கிறது, பிளக்கோ கறுப்பாக இருக்கிறது

பிளக்கை நம்புங்கள். டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட்டுக்குள் போய்விடும். அதில் உள்ள ஆக்ஸிஜனை லாம்டா மீட்டரின் சென்சார் பார்த்துவிட்டு லீன் என்று சொல்லும். ஆயில் படிந்து சீக்கிரம் செத்தும்போகும். அதை நம்பித் தானாகத் திருத்தும் வசதியை ஓட விடாதீர்கள். மாறாக, எக்ஸாஸ்ட்டில் சூட்டை அளக்க கே வகை தெர்மோகப்பிள் போடுங்கள். அதைப் படிக்கும் எம்.ஏ.எக்ஸ். 6675 போர்டு எஸ்.பி. ரோட்டில் சுலபமாகக் கிடைக்கும், 1,024 டிகிரி வரை படிக்கும். முழுத் த்ராட்டிலில் 650 டிகிரியை நெருங்கினால் கையை எடுத்துவிடுங்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஹெட் சூடு ஏறுகிறது, எக்ஸாஸ்ட் சூடு இறங்குகிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள். அது டெட்டனேஷன், அதாவது கலவை சீராக எரியாமல் வெடிப்பது. வெளியே போகவேண்டிய வெப்பம் ஹெட்டிலும் பிஸ்டனிலும் இறங்குகிறது. டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் தள்ளுங்கள். சால்டர் கம்பியை ஹெட் ஓரத்தில் நசுக்கி ஸ்க்விஷ் இடைவெளியை (மேல் முனையில் பிஸ்டனுக்கும் ஹெட் ஓரத்துக்கும் நடுவில் இருப்பது) அளந்து பாருங்கள். இந்த அளவு இன்ஜினுக்கு 1 மி.மீ. ஒட்டி இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் ஹெட்டைத் திரும்ப லேத்தில் ஏற்றவேண்டும்.

பெங்களூரில் அருமை, சென்னையில் சீஸ் (பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது)

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவு, சென்னையில் 101. இங்கே கச்சிதமாக டியூன் செய்த வண்டியை டெம்போவில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இறக்கினால் இன்ஜின் பத்து சதவீதம் கூடுதல் காற்று இழுக்கும். அட்டவணை அதே பெட்ரோலை அடிக்கும். வெயிலில் காற்று லேசாவதால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க ஈடாகாது. போர்டில் உள்ள அழுத்த சென்சாரின் குழாயை இன்டேக்கில் மாட்டாமல் வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டு, பாரோ திருத்தத்தை இயக்குங்கள். காற்று வெப்ப சென்சாரும் வேண்டும். கூடவே பங்கில் வருவது இ20 என்பதையும் கணக்கில் எடுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 என்ற விகிதம் இதற்கு 13.5 அருகில். பழைய டூ ஸ்ட்ரோக் கணக்குகளை அப்படியே எடுத்தால் தொடக்கமே லீன்.

இறக்கத்தில் சீஸ் ஆகிறது

சிக்கமகளூருப் பக்கம் எஸ்டேட் மண்பாதையில் ஏறும்போது ஒன்றுமில்லை, த்ராட்டிலை மூடி கியரில் இறங்கும்போது பிடித்துக்கொள்கிறது என்றால் இ.சி.யூ. அமைப்பில் ஒரே ஒரு டிக்கைப் பாருங்கள்: த்ராட்டில் மூடினால் பெட்ரோலை நிறுத்தும் வசதி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது மைலேஜ். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றது. 6,000-இல் சுற்றும் கிராங்க் பேரிங்குக்கு ஒரு சொட்டு கிடைக்காது. அதை அணைத்துவிடுங்கள். 2018 மாடலில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் இன்ஜெக்டர் வைத்த கே.டி.எம்., ஆயிலுக்குத் தனி எலக்ட்ரானிக் பம்ப் கொடுத்தது. அங்கே பெட்ரோல் கிராங்க் கேஸ் வழியாகப் போவதே இல்லை. உங்கள் இன்ஜெக்டரையும் ரீட்டுக்கு அப்பால் நகர்த்த நினைத்தால் முதலில் ஆயில் பம்புக்கு வழி செய்யுங்கள்.

சீஸ் ஆன பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் லீன் அல்லது அதிகச் சூடு. இன்டேக் பக்கம் உரசியிருந்தால் ஆயில் போதவில்லை. நான்கு மூலையிலும் உரசல் என்றால் போர் இடைவெளி குறைவு, அல்லது சூடேறாமலே முறுக்கிவிட்டார்கள். மேல் விளிம்பு அரித்ததுபோல் பொத்தல் பொத்தலாக இருந்தால் டெட்டனேஷன். எதுவென்று தெரிந்த பிறகு புது பிஸ்டன் வாங்குங்கள். மாட்டிய உடனே, ஸ்டார்ட் செய்யும் முன்பே, அந்த ரத்த அழுத்த பம்பை இன்னொரு முறை எடுங்கள். பிரித்துச் சேர்த்த இன்ஜினில் பேஸ் பேக்கிங் சரியாக உட்காரவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும்.